‘பேசு’ என்ற பெயருக்குப் பிறகு

சமையலறையில் நின்று கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்.

"பாப்பா."

என் பெயர் எஸ்தர். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். என்னைப் பாப்பா என்று கூப்பிடுகிற ஆள் ஒரே ஒருத்திதான், என் அக்கா கிரேஸ். அவளுக்கு அப்போது குரல் கிடையாது.

கையிலிருந்த தழையைத் தட்டில் வைத்தேன். குழாயை மூடினேன். கையைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவையும் வரிசையாகச் செய்தது நன்றாக நினைவிருக்கிறது. ஓடிப் போயிருக்க வேண்டும். ஓடவில்லை.

"பாப்பா."

ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து ஜலதோஷத்தோடு பேசுகிற மாதிரி ஒரு குரல். மூன்றாம் முறையும் அதே சுருதியில், அதே நிதானத்தில் கூப்பிட்டது.

போய்ப் பார்த்தேன். அக்கா லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. திரையை விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். ‘இது என்ன, சொன்னதைச் சொல்ல மாட்டேன் என்கிறது’ என்று அதற்கு அர்த்தம்.

திரையில் அவள் அடித்திருந்தது முழு வாக்கியம். பாப்பா கொத்தமல்லி வேண்டாம் புதினா போதும். அடித்ததைக் கணினி சத்தமாகச் சொல்லும்படி நான் எழுதிய ஸ்கிரிப்ட் அதில் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டது.

பிழை எங்கே என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல அப்போது மனம் வரவில்லை.

"இன்னொரு தடவ அழுத்துக்கா," என்றேன்.

இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் என்னைப் பார்த்தாள். ஆனாலும் அழுத்தினாள்.

"பாப்பா," என்றது.

மைக் வேண்டாம் என்றவள்

இந்தத் தொடரில் கிரேஸ் அக்கா முன்பும் வந்திருக்கிறாள். இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சிவாஜிநகர் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போனபின் மகள் ஷீபாவைத் தனியாக வளர்த்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வேதபாடம் வாசிப்பாள். கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம். வாசிக்க எழுந்ததும் மைக்கை ஓரமாகத் தள்ளி வைப்பாள். கடைசி பெஞ்சில் கண் அயர்ந்திருக்கும் பெரியவர்கள் அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்து உட்காருவார்கள்.

தொண்டையில் கட்டி வந்தது. குரல்பெட்டியை எடுத்தால் உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். எடுத்தார்கள். சிகிச்சையெல்லாம் முடிந்து அவளும் ஷீபாவும் ஈஜிபுராவில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் தனி ஆள். இரண்டு அறை சும்மாதான் கிடந்தது.

கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி ஒன்று இருக்கிறது. கதிர்வீச்சில் வெந்த தோல் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதுவரைக்கும் போனில் ஒரு செயலியை இறக்கித் தந்தாள் ஷீபா. அடித்தால் அது படிக்கும். அக்காவின் விரல்கள் பெரிய விசைகளுக்குப் பழகியவை. போனில் ஒன்றைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்லப் போக, நடுவில் நகைக்கடை விளம்பரம் வந்து ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பேசினாள். அன்றோடு அந்தப் போன் தலையணைக்கு அடியில் போய்விட்டது.

மிச்சம் இருந்தது சிலேட்டு. வெள்ளைப் பலகை, கருப்புப் பேனா, அழிக்க ஒரு துணி.

சிலேட்டைப் படித்தவர்

சிலேட்டில் ஒரு குறை உண்டு. ஷீபாவைப் பெண் பேச அத்திபெலேயிலிருந்து ஜோயல் வீட்டார் முதல் தடவை வந்த அன்றுதான் அது எனக்குப் புரிந்தது.

ஷீபா பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. ஜோயலின் அப்பா அம்மா அத்திபெலேயில் பெயின்ட், குழாய் எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறார்கள். ஷீபாவுக்கும் ஜோயலுக்கும் கோயில் இளைஞர் கூட்டத்தில் பழக்கம். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சம்மதம். ஒன்றே ஒன்றுதான் தொங்கிக்கொண்டிருந்தது. வரப்போகும் மருமகள் கடையில் உட்காருவாள் என்று ஜோயலின் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஷீபா அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நான் கேட்டா சண்ட போடுற மாதிரி ஆயிடும்மா. ஜோயல் கேக்குறேன் கேக்குறேன்னு நாலு மாசமா சொல்லினே இருக்கான். நீ கேளு. உங்கிட்ட யாரும் மழுப்ப முடியாது."

அக்கா தலையை ஆட்டினாள்.

அவர்கள் வந்தார்கள். எங்கள் கூடப்பிறந்தவர்களில் பெரியவர் தேவா அண்ணன் வந்திருந்தார். நல்ல மனுஷர். சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் வீட்டுக்கு மூத்தவன் வேலை என்று நம்புகிறவர். காபி முடிந்தது. அக்கா சிலேட்டில் எழுதினாள். அழுத்தமான எழுத்து. ‘கல்யாணத்துக்கு அப்புறம் ஷீபா வேலைக்குப் போவாளா? இப்பவே சொல்லுங்க.’

அதை ஜோயலின் அம்மா பக்கம் நீட்டினாள். நடுவில் அண்ணன் கை வந்தது. சிலேட்டை வாங்கினார், கண்ணாடியை மாட்டினார், சிரித்த முகத்தோடு படித்தார்.

"வேல விஷயமெல்லாம் பிள்ளைங்க அவங்களுக்குள்ள பேசிக்கட்டும்னு சொல்றா."

"அதாங்க சரி," என்றார் ஜோயலின் அம்மா. "குடும்பம்னா அனுசரிச்சுப் போறதுதானே."

அக்கா சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டாள். வேகமாக எழுத ஆரம்பித்தாள். அதற்குள் ஜோயலின் அப்பா எழுந்து, ஜெபம் பண்ணிட்டுக் கிளம்புறோம் என்றார். எல்லோரும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் திறந்து பார்த்தேன். கண்ணை மூடி நிற்கிற ஐந்து பேருக்கு நடுவில் அக்கா சிலேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனபின் அண்ணன் சொன்னார், "மொத நாளே கறாரா கேட்டா யாரு வருவாங்க, கிரேஸ்? எல்லாம் ஸ்வல்ப நிதானமாப் பண்ணணும்."

அக்கா சிலேட்டை பீரோ மேல் வைத்தாள். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதி என்னிடம் கொடுத்தாள். ‘அடுத்த தடவ நான் வரல. நீங்களே பேசி முடிச்சுக்குங்க.’

பெண்ணைப் பெற்றவள் வாயால் சரி சொல்லிய பிறகுதான் கோயிலில் ஓலைக்குப் பெயர் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. ஞாயிறு ஆராதனையில் எழுந்து வாசிப்பார்கள். வாசித்துவிட்டால் பிறகு எதையும் புதிதாகக் கேட்க முடியாது. அக்கா உள்ளே உட்கார்ந்துவிட்டால் அண்ணன் சரி சொல்லிவிடுவார். ஷீபா கடையில் பெயின்ட் டப்பாவுக்கு நடுவில் உட்காருவாள். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

லிப்டில் பேசுகிற அம்மாள்

நான் பொம்மசந்திராவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். எந்தத் தாள் எந்த உறையில், எந்த உறை எந்த அடுக்கில் என்பதுதான் என் வேலை. கோப்புகளை ஒழுங்குபடுத்த எங்களுக்கும் பைத்தான் என்ற கணினி மொழி கொஞ்சம் தெரிந்திருக்கட்டும் என்று அலுவலகத்தில் வகுப்பு வைத்திருந்தார்கள். நாலு வரியில் ஸ்கிரிப்ட் எழுதும் அளவுக்கு வந்திருந்தேன்.

எழுத்தைக் குரலாக்கும் இலவச மென்பொருள் ஒன்று இருப்பது அங்கேதான் தெரிந்தது. தமிழும் சொல்லும், கன்னடமும் சொல்லும். குரல் கரகரப்புதான், ஆனால் விளம்பரம் கிடையாது. ஷீபாவின் பழைய லேப்டாப்பில் அதைப் போட்டேன். அதைக் கூப்பிட்டுப் பேச வைக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி அதற்குப் ‘பேசு’ என்று பெயர் வைத்தேன்.

அந்த முதல் ஸ்கிரிப்டில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை உள்ளேயே எழுதியிருந்தேன். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்.’ அக்காவைக் கூட்டி வந்து உட்கார வைத்து ஓடவிட்டேன். அது அப்படியே சொன்னது. பெருமையாக அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் எழுந்து போனாள். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். திரும்பி வந்து காலண்டர் தாளில் எழுதினாள். ‘தண்ணி நானே எடுத்துப்பேன். இது லிப்டு மாதிரி இருக்கு.’

எங்கள் தொழிற்சாலை லிப்டில் ஓர் அம்மாள் குரல் உண்டு. கதவு மூடுகிறது என்று கன்னடத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை சொல்லும். உள்ளே ஆள் இருந்தாலும் சொல்லும், காலியாக இருந்தாலும் சொல்லும். அக்கா ஒருநாள் என்னைப் பார்க்க அங்கே வந்தபோது அந்தக் குரலோடு ஏறி இறங்கியிருக்கிறாள். அவள் சொன்னதில் தவறில்லை.

வாக்கியத்தை மாற்ற வேண்டுமென்றால் ஸ்கிரிப்டைத் திறக்க வேண்டும், பழையதை அழிக்க வேண்டும், புதியதை எழுத வேண்டும், சேமிக்க வேண்டும், மூட வேண்டும், ஓட்ட வேண்டும். அதற்குள் வீட்டில் பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கும். ஒருநாள் அக்கா கஷ்டப்பட்டு ‘டிவி சத்தத்தைக் குறை’ என்று மாற்றி முடித்தபோது நாங்கள் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

பூஜ்யத்தில் உட்கார்ந்திருப்பது

வகுப்பில் கொடுத்த தாள்களில் பின்னால் ஒரு பக்கம் இருந்தது. அதை நான் அதுவரை படிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன்.

ஸ்கிரிப்டை ஓட்ட அதன் பெயரை அடிக்கிறோம் அல்லவா? அந்தப் பெயருக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு ஏதாவது ஒரு சொல்லை அடித்தால், அந்தச் சொல் ஸ்கிரிப்டுக்கு உள்ளே போய்ச் சேரும். இதற்கு ஆர்குமென்ட் என்று பெயர். போய்ச் சேர்ந்தவை உள்ளே ஒரு வரிசையாக நிற்கும். கணினிக்காரர்கள் எண்ணுவதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். பூஜ்யம் என்ற இடத்தில் ஸ்கிரிப்டின் சொந்தப் பெயரே உட்கார்ந்திருக்கும். நாம் கொடுத்த சொல் ஒன்றாவது இடத்தில்.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சாப்பிடவில்லை.

நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? ஷீபா, கதவைச் சாத்து. அண்ணா, எப்ப வந்தீங்க? முதலில் ஆளின் பெயர், பிறகு சங்கதி. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகு வேண்டியதைச் சொன்னால் அந்த ஸ்கிரிப்ட் கேட்டுக்கொள்கிறது.

பையில் கொண்டு வந்திருந்த லேப்டாப்பில் ‘பேசு’வைத் திறந்தேன். உள்ளே இருந்த தண்ணீர் வாக்கியத்தை அழித்தேன். அந்த இடத்தில், ஒன்றாவது இடத்தில் எது வருகிறதோ அதைச் சொல் என்று எழுதினேன். மூடினேன். பேசு, இடைவெளி, மழை என்று அடித்தேன்.

"மழை," என்றது.

பேசு, இடைவெளி, இட்லி.

"இட்லி," என்றது.

உள்ளே ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. நான் எழுதியிராத சொல்லை நான் எழுதிய ஸ்கிரிப்ட் சொல்கிறது. ஆலமரம் என்றேன், மல்லேஸ்வரம் என்றேன், எங்கள் அப்பா பெயரைச் சொன்னேன். அவர் பெயரையும் சொன்னது. கட்டளை அடிக்கும் கருப்புத் திரையில் தமிழ் எழுத்துகள் சரியாகக்கூட ஒட்டவில்லை. கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடந்தன. காதில் விழுந்ததோ முழுசாக விழுந்தது. உலகத்தில் இருக்கிற அத்தனை சொற்களும் அந்த ஓர் இடைவெளிக்குப் பின்னால் வரிசையில் நிற்பது போலத் தோன்றியது.

பக்கத்து மேசையில் இருந்த கன்னடக்காரத் தோழி எட்டிப் பார்த்தாள். "ஊட்டா ஆய்தா, மேடம்?" என்றாள். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறாள். டப்பா அப்படியே திறந்து கிடந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

மேற்கோள் குறி

மறுநாள் லேப்டாப்பை அக்காவிடம் கொடுத்து எப்படி அடிப்பது என்று காட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றாவது இடத்தில் வருவதை மட்டும் சொல் என்று எழுதியிருந்தேன். வகுப்புத் தாளில் உதாரணத்துக்கு ஒரே ஒரு சொல்தான் கொடுத்திருந்தார்கள். நானும் ஒரு சொல்லை வைத்துத்தான் சோதித்தேன். ஆனால் யாராவது ஒரு சொல்லில் பேசுவார்களா? அதிலும் எங்கள் வீட்டில்? இடைவெளி விட்ட இடமெல்லாம் அது ஒரு சொல் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அக்கா எந்த வாக்கியத்தையும் என்னைக் கூப்பிட்டுத்தான் தொடங்குவாள். அதனால் பாப்பா ஒன்றாவது இடம், கொத்தமல்லி இரண்டாவது இடம்.

மாதக்கணக்கில் கேட்காத அந்தச் சொல் என் பிழையால்தான் நாலு தடவை தனியாக என் காதில் விழுந்தது. டைரியில் அன்று அதை மட்டும் எழுதினேன்.

"வாக்கியத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் மேற்கோள் குறி போடுக்கா. அப்ப மொத்தத்தையும் ஒண்ணா எடுத்துக்கும்," என்றேன்.

அக்கா காலண்டர் தாளை எடுத்தாள். ‘பேசறப்ப நான் மேற்கோள் போட்டா பேசினேன்?’

"டைப்பிஸ்டுக்கு ரெண்டு குறி போடக் கஷ்டமா?"

‘ஆபீசுல டைப் அடிச்சது வேற. இது பேச்சு.’

ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். பெயருக்குப் பிறகு வருவது எத்தனை சொல்லாக இருந்தாலும் எல்லாவற்றையும் கோத்துச் சொல். அக்கா அதே வாக்கியத்தை மறுபடி அடித்தாள்.

"பாப்பா கொத்தமல்லி வேண்டாம் புதினா போதும்," என்றது.

"கொத்தமல்லி அரைச்சாச்சுக்கா."

விசைகள் படபடத்தன. அலுவலகத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பழக்கமான வேகம் அது.

"எப்ப நீ சொன்னத கேட்டிருக்க," என்றது.

ஒரு தடவை அக்கா பெயரை மட்டும் அடித்து ஓடவிட்டபோது திரை முழுக்கப் பிழைச் செய்தி வந்து விழுந்தது. பெயருக்குப் பிறகு எதுவுமே இல்லாவிட்டால் என்ன செய்வதென்று நான் அதற்குச் சொல்லித் தரவில்லை. ‘திட்டுது’ என்று எழுதிக் காட்டினாள். எதுவும் வராவிட்டால் சும்மா இரு என்று இன்னொரு வரி சேர்த்தேன். அதன்பின் கன்னடத்துக்கும் வழி செய்தேன். பெயருக்கு அடுத்து ‘க’ என்று ஓர் எழுத்து இருந்தால் மீதியைக் கன்னடக் குரலில் சொல்லும்.

அதை அவள் முதலில் சோதித்தது கீரைக்கார மஞ்சுநாத்திடம். வண்டி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றதும் லேப்டாப்பை ஜன்னல் திட்டில் தூக்கி வைத்தாள். இன்றைக்குக் கீரை பிஞ்சா, முற்றலா என்று கன்னடத்தில் கேட்டது அது. மஞ்சுநாத் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு மேலே பார்த்தான்.

"அக்காவா?" என்று தமிழிலேயே கேட்டான். "உடம்பு சரியாய்டுச்சா? பிஞ்சுதான் அக்கா, சத்தியமா."

"போன வாரமும் சத்தியம் பண்ண," என்றது.

அவன் சிரித்துக்கொண்டே கட்டைப் பிரித்து உள்பக்கத்தைக் காட்டினான். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஸ்கிரிப்டில் மொத்தம் எத்தனை வரி என்று எனக்குத் தெரியும். கீரை என்ற சொல்லோ சத்தியம் என்ற சொல்லோ அதில் எங்கேயும் கிடையாது.

இரண்டாம் தடவை

ஜோயல் வீட்டார் மறுபடி வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அண்ணன் முன்னாலேயே வந்துவிட்டார். டீபாய் மேல் லேப்டாப் இருப்பதைப் பார்த்தார்.

"இதெல்லாம் வேணாம், எஸ்தர். வர்றவங்க பயந்துடுவாங்க. பொம்ம பேசுற மாதிரி இருக்கு."

அதற்குள் அக்காவின் விரலடியில் விசைகள் படபடத்தன.

"பொம்ம இல்ல அண்ணா. கிரேஸ்," என்றது.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் வந்தார்கள். அக்கா ஸ்தோத்திரம் என்று அடித்தாள். ஜோயலின் அப்பா திடுக்கிட்டு லேப்டாப்பைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு சுதாரித்துக்கொண்டு அக்கா பக்கம் திரும்பி இன்னொரு முறை கூப்பினார். ஷீபா சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி கொண்டுவரப் போனாள்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "அப்ப, ஓலைக்கு எந்த வாரம் பேரு கொடுக்கலாம்னு..."

விசைகள் படபடத்தன. அண்ணன் நிறுத்தினார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் ஷீபா வேலைக்குப் போவாளா," என்றது.

கேள்வி மாதிரிகூட இல்லை. ஏற்ற இறக்கம் கிடையாது. ரயில் எந்த நடைமேடை என்று சொல்வதைப் போலச் சொன்னது. ஷீபா சமையலறை வாசலில் தட்டோடு நின்றுவிட்டாள்.

ஜோயலின் அம்மா சிரித்தார். "அதுக்கென்னங்க. கட இருக்கு, சொந்த வீடு இருக்கு. எங்க வீட்டுல அவளுக்கு என்ன கொற?"

அக்கா இரண்டே இரண்டு விசையை அழுத்தினாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் ஷீபா வேலைக்குப் போவாளா," என்றது.

அந்தக் கருப்புத் திரையில் மேல் நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் கடைசியாக அடித்த கட்டளை அப்படியே திரும்ப வந்து நிற்கும். இதை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

"பிள்ளைங்க பாத்துப்பாங்கம்மா," என்றார் ஜோயலின் அப்பா. "நாம பெரியவங்க எதுக்கு..."

அம்புக்குறி. என்டர்.

"கல்யாணத்துக்கு அப்புறம் ஷீபா வேலைக்குப் போவாளா," என்றது.

மனிதக் குரலாக இருந்தால் மூன்றாம் தடவை கேட்கும்போது கோபம் ஏறியிருக்கும். இல்லாவிட்டால் சங்கடப்பட்டுக் கொஞ்சம் தணிந்திருக்கும். முழுக் குரலோடு இருந்த காலத்தில் அக்காவேகூட இந்நேரம் கத்தியிருப்பாள். அவள் கத்துகிறாள் என்பதே பேச்சாகி, கேள்வி காணாமல் போயிருக்கும். இப்போது கேள்வி தவிர அந்த அறையில் வேறு எதுவும் இல்லை.

அண்ணன் வாயைத் திறந்தார். "அவ என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் கேட்டிருந்தார்கள். அவர் எடுத்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அக்காவின் விரல் மறுபடி அம்புக்குறியின் மேல் போய் நின்றது.

"போவா, ஆன்ட்டி," என்றான் ஜோயல்.

அவன் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னான். பிறகு அவன் அம்மா பக்கம் திரும்பினான்.

"அம்மா, கடைக்கு ஆள் நான் பாத்துத் தர்றேன். ஷீபா இப்ப போற வேலைக்கே போவா. அங்கருந்து கம்பெனி பஸ்ஸு இருக்கு, விசாரிச்சுட்டேன்."

"எப்படா விசாரிச்ச?"

"அது ஆச்சு, ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ." அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. "நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். மொதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன, வேணாம்னா சொல்லப் போறேன்?"

வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். காபி டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"போகட்டும்," என்றார். "ஞாயித்துக்கெழம மட்டும் கடைக்கு வந்து என்கூட உக்காரட்டும். அது போதும்."

"கோயிலுக்குப் போய்ட்டு வந்து உக்கார்றேன் ஆன்ட்டி," என்றாள் வாசலில் நின்ற ஷீபா.

அப்போதுதான் யாரோ முதலில் சிரித்தார்கள். அண்ணன்தான் என்று நினைக்கிறேன். ஜோயலின் அம்மா என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"உங்க அக்கா எப்பவும் இப்படித்தானா?"

"முன்னாடில்லாம் இன்னும் சத்தமாக் கேப்பாங்க," என்றேன்.

அக்காவின் தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு நேராக உட்கார்ந்து, விசைகளின் மேல் கையை வைத்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். இந்தத் தடவை யாரும் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

"சரி. ஓலைக்குப் பேரு கொடுங்க," என்றாள் அக்கா.